டட்சன் 1200 பிக்கப் புகைப் பரிசோதனையில் ஃபெயில்: காபரேட்டரையே மாற்ற வேண்டுமா?

கேள்வி (மட்டக்குளியிலிருந்து ஒரு வாசகர், பெப்ரவரி 11)

அண்ணாமாருக்கு வணக்கம். என்னிடம் இருப்பது டட்சன் 1200 பிக்கப், ஏ12 எஞ்சின், காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்). அப்பா ஹார்ட்வெயார் கடைக்கு வாங்கியது. இன்று எமிஷன் டெஸ்டில் ஃபெயில். ஐட்லிங்கில் (எக்ஸலரேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டால்) சி.ஓ. 7.1, எச்.சி. 1480. நிமிடத்துக்கு 2500 சுற்றில் சி.ஓ. 5.9, எச்.சி. 620. கராஜ் பாஸ் (மெக்கானிக்), காபரேட்டர் முடிந்துவிட்டது, புதுச் சீனக் காபரேட்டர் போடலாம் என்கிறார். மாத முடிவில் வண்டியின் லைசன்ஸ் முடிகிறது. போடவா?

பெப்ரவரி 11, இரவு

போடாதீர்கள். குறைந்தது இந்தக் கிழமை போடாதீர்கள்.

என்னிடமும் அதே பிக்கப்தான். கொட்டாஞ்சேனையில் நிற்கிறது. 2008இல் இந்தப் பரிசோதனை தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அதைக் கொண்டுபோய் வரிசையில் விட்டு நகம் கடித்திருக்கிறேன். அந்தத் தாளை ஃபெயில், பாஸ் என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். அது உங்கள் எஞ்சினின் இரத்தப் பரிசோதனை அறிக்கை.

சி.ஓ. என்பது காபனோரொட்சைட்டு. பெற்றோல் கூடி, காற்றுக் குறைந்தால் ஏறும். எச்.சி. என்பது ஐதரோகாபன், அதாவது எரியாமலே வெளியே வந்த பெற்றோல். பிளக் சரியாகப் பற்றாவிட்டாலும், வால்வு மூடாவிட்டாலும் ஏறும். உங்களுக்கு இரண்டுமே ஏறியிருக்கிறது. பெற்றோல் அதிகம், எனவே காபரேட்டரின் அடியில் இருக்கும் மிக்ஸர் திருகாணியை அரைச் சுற்று உள்ளே விட்டுப் பாருங்கள்.

பெப்ரவரி 12, காலை

நேற்று எழுதியதன் கடைசி வரியை அழித்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் எழுதியது. திருகாணியைத் தொடாதீர்கள்.

காலையில் தேநீர் குடிக்கும்போதுதான் அந்த இரண்டாவது வரி உறைத்தது. 2500 சுற்றிலும் சி.ஓ. 5.9. அந்தத் திருகாணியின் ஆட்சி ஐட்லிங்கோடு முடிந்துவிடும். எக்ஸலரேட்டரை மிதித்து மெயின் ஜெட் (பெற்றோல் வரும் முக்கியத் துளை) வழியாகப் பெற்றோல் வரத் தொடங்கியதும் அதன் பேச்சு எடுபடாது. ஐட்லிங்கில் மட்டும் சி.ஓ. கூடி, 2500இல் ஒழுங்காக இருந்தால் திருகாணியையோ ஐட்லிங் ஜெட்டின் காற்றுத் துளையையோ சந்தேகிக்கலாம். ஐட்லிங்கில் சரியாக இருந்து 2500இல் கூடினால் மெயின் ஜெட்டோ பவர் வால்வோ. இரண்டிலும் கூடினால் வண்டி எந்நேரமும் பெற்றோலில் குளிக்கிறது என்று அர்த்தம். உங்களுடையது அந்த வகை.

அப்படியானால் பார்க்க வேண்டியது: எயார் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, சோக் தகடு (குளிரில் ஸ்டார்ட் பண்ணக் காற்றைக் குறைக்கும் மூடி) முழுதாகத் திறக்கிறதா, காபரேட்டர் சட்டியில் பெற்றோல் மட்டம் எங்கே நிற்கிறது. முதல் இரண்டுக்கும் ஐந்து நிமிடம் போதும், ஒரு ரூபாய் செலவில்லை.

சோக்கைப் பற்றி ஒரு கதை. ஒரு வருடம் நான் இரண்டு தடவை ஃபெயிலாகி, பிளக் மாற்றி, கொயில் மாற்றி, பிளக் வயர் மாற்றி, கடைசியில் பார்த்தால் சோக் கேபிளின் வெளிக்கூட்டைப் பிடிக்கும் கிளிப் வழுக்கியிருந்தது. டாஷ்போர்டில் குமிழ் முழுதாக உள்ளே இருக்கிறது. அங்கே தகடு கால்வாசி மூடி நிற்கிறது. குமிழை நம்பாதீர்கள். எயார் கிளீனரைக் கழற்றி, தகட்டைக் கண்ணால் பாருங்கள். அது செங்குத்தாக நிற்க வேண்டும்.

பெப்ரவரி 12, மதியம்

ஒன்று விட்டுப்போனது. உங்கள் ஹிட்டாச்சி காபரேட்டரின் சட்டியில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதில் ஒரு குறி. எஞ்சின் ஓடும்போது பெற்றோல் அந்தக் குறியில் நிற்க வேண்டும். ஜன்னல் பழுப்பாக இருந்தால் துணியில் தின்னர் தொட்டுத் துடையுங்கள். ஜப்பான்காரன் ஜன்னல் வைத்துத் தந்தான், நாம் அதற்கு மேல் 30 வருடம் கிரீஸ் பூசி வைத்திருக்கிறோம்.

பெப்ரவரி 15

மட்டக்குளித் தம்பி அனுப்பிய படம் பார்த்தேன். ஃபில்டர் அழுக்கு, ஆனால் கொலைக் குற்றவாளி அதில்லை. சோக் சரி. ஜன்னலில் பெற்றோல் குறிக்கு மேலே, கண்ணாடியின் உச்சிவரை நிற்கிறது. பிடிபட்டது.

மட்டம் உயர்ந்தால் மெயின் ஜெட்டிலிருந்து பெற்றோல் எளிதாக இழுபடும், எந்தச் சுற்றிலும் கலவை தடித்துப் போகும். சட்டிக்குள் மிதவை எழும்பி நீடில் வால்வை மூட வேண்டும். அது மூடவில்லை. இதற்குக் காரணங்கள் சில: நீடிலின் நுனி தேய்ந்து வளையம் விழுந்திருக்கும், துரும்பு சிக்கியிருக்கும், மிதவை ஓட்டையாகி உள்ளே பெற்றோல் புகுந்து கனத்திருக்கும் (காதருகே வைத்து ஆட்டினால் சலசலக்கும்), அல்லது யாரோ கரண்டில் ஓடும் பெற்றோல் பம்ப் பூட்டியிருப்பார்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் தள்ளுவது 3 பிஎஸ்ஐ அளவில்தான். இன்ஜெக்ஷன் வண்டிக்கான பம்பைக் கொண்டுவந்து இதில் பூட்டினால் எந்த நீடிலாலும் தாக்குப்பிடிக்க முடியாது.

தம்பியின் வண்டி 2022இல் மாதக் கணக்கில் ஓடாமல் நின்றதாம். அதோடு எனக்கு விளங்கிவிட்டது. அந்த வருடம் நாமெல்லோரும் இரவு பகலாகப் பெற்றோல் வரிசையில் கிடந்தோம். பங்கீட்டுக்குக் கியூஆர் கோட் வந்த பிறகும் கிழமைக்கு இத்தனை லீற்றர்தான். என் பிக்கப்பும் பாதித் தாங்கியோடு அப்படியே நின்றது. நின்ற பெற்றோல் காய்ந்தால் சட்டியில் வார்னிஷ் போலப் பிசின் படியும். தாங்கியின் மேற்பாதி ஈரக் காற்றில் துருப் பிடிக்கும். பிறகு ஓட்டத் தொடங்கியதும் அந்தத் துருப்பொடி குழாய் வழியாக வந்து நேரே உட்காரும் இடம் நீடில் வால்வு. என்னுடையதில் சட்டியைக் கழற்றியபோது அடியில் தேநீர்ச் சாயம் போல ஒரு படை.

செய்ய வேண்டியது ஒரு ரிப்பேர் கிட். நீடில் வால்வு, கேஸ்கெட் எல்லாம் அதில் வரும். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் தேடலாம். ஆனால் பழைய நீடிலையும் கேஸ்கெட்டையும் கையில் கொண்டுபோங்கள். "டட்சன் 1200" என்று வாயால் கேட்டால், கடைப் பையன் வேறு ஏதோ ஒரு நிசானின் கிட்டை எடுத்து வைத்து "ஹரி யனவா" என்பான். சரிப்படும் என்று அர்த்தம். சரிப்படாது. ஹிட்டாச்சியிலேயே பல வகை, கேஸ்கெட்டில் ஒரு துளை மாறினாலும் காற்று வழி அடைபடும். கிட்டோடு ஒரு பெற்றோல் ஃபில்டரும் வாங்குங்கள்.

இன்னொன்று. ஜெட்டுகளைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் பண்ண விடாதீர்கள். பித்தளை மென்மையானது. கம்பி போனால் துளை அகலும். கிளீனர் அடித்துக் காற்று ஊதினால் போதும்.

பெப்ரவரி 16

தெமட்டகொடையிலிருந்து ஒருவர், இவ்வளவு வேலை எதற்கு, தாங்கியில் மெதிலேட்டட் ஸ்பிரிட் கொஞ்சம் ஊற்றி, டைமிங்கைப் (பிளக் பற்றவைக்கும் நேரத்தை) பின்னால் தள்ளி, ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் கொண்டுபோனால் பாஸ் என்கிறார். ஆள் பொய் சொல்லவில்லை. மூன்றையும் நான் செய்திருக்கிறேன்.

ஸ்பிரிட்டில் ஒட்சிசன் இருக்கிறது, அதனால் கலவை மெலியும். டைமிங்கைப் பின்தள்ளினால் எரிதல் பிந்தி நடக்கும், புகைக்குழாய் சூடேறும், மிச்ச ஐதரோகாபன் குழாயிலேயே எரிந்துபோகும். ஃபில்டர் இல்லாவிட்டால் காற்றுத் தாராளம். எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, மந்திரமில்லை. அன்று நான் பாஸானேன். சந்தோஷத்தில் டைமிங்கைத் திருப்பி வைக்க மறந்து, பின்னால் சிமெந்து மூட்டை ஏற்றிக்கொண்டு பேலியகொடைப் பக்கம் போனேன். களனிப் பாலத்து ஏற்றத்தில் வண்டிக்கு இழுவையே இல்லை. சூடு காட்டும் ஊசி சிவப்பில். பாலத்துக்கு அப்பால் நிறுத்தி ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்தேன், திறக்காமல் இருந்திருக்கலாம். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போனதற்கு ஆன செலவு ஐந்து வருட டெஸ்ட் காசைவிட அதிகம்.

அப்புறம், இப்படிப் பாஸாகும் வண்டி அடுத்த நாளிலிருந்து அதே புகையோடு ஓடும். ஆமர் வீதிச் சந்தியில் அதற்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் நிற்பது என் மகன்.

பெப்ரவரி 16, சற்றுப் பிறகு

மேலே உபதேசம் கொஞ்சம் கூடிவிட்டது. ஃபில்டரைக் கழற்றிக் கொண்டுபோவதை நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன், ஒரு தடவை அல்ல.

பெப்ரவரி 19

தம்பியின் செய்தி: நீடில் மாற்றி, தாங்கியைக் கழுவி, மட்டம் இப்போது குறியில். ஒரு கராஜில் காஸ் மெஷினில் பார்த்தார்களாம். ஐட்லிங் சி.ஓ. 3.8, 2500இல் 2.2. நல்லது. ஆனால் எச்.சி. ஐட்லிங்கில் 900க்குக் கீழே இறங்கவில்லை.

அதாவது பெற்றோல் வரத்துச் சரியாகிவிட்டது, பற்றவைப்பதில்தான் குறை. இனிக் காபரேட்டரை விட்டுவிடுங்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

முதலில் பிளக் நாலையும் கழற்றி வரிசையாக வைத்துப் படமெடுங்கள். தடித்த கலவையில் இவ்வளவு காலம் ஓடியதால் கரி பிடித்திருக்கும். நாலும் ஒரே மாதிரிக் கறுப்பா, ஒன்று மட்டும் வேறா என்பதுதான் முக்கியம். பிறகு பொயின்ட், அதாவது கரண்டைத் துண்டித்துப் பிளக்கில் பொறி வரச் செய்யும் முனைகள். இடைவெளி 0.5 மில்லிமீற்றர். முனைகளில் ஒன்றில் குழியும் மற்றதில் மேடும் இருந்தால் கொண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். பொயின்டைத் தொட்டால் டைமிங்கும் நகரும், எனவே பொயின்ட் முதல், டைமிங் பிறகு. என் வண்டிக்கு 7 டிகிரி. நம் பாஸ்மார் பலர் காதால்தான் டைமிங் வைப்பார்கள். நல்ல காதுகள்தான், ஆனால் மெஷினுக்குக் காது இல்லை. டைமிங் லைட் உள்ள ஆளைப் பிடியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் எச்.சி. இறங்காவிட்டால் டெப்பட், அதாவது வால்வு இடைவெளி.

பெப்ரவரி 20

டெப்பட் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஏ12இல் உள்ளே எடுக்கும் வால்வு, வெளியே தள்ளும் வால்வு இரண்டுக்கும் எஞ்சின் சூட்டில் 0.35 மில்லிமீற்றர். தட் தட் என்று சத்தம் வந்தால்தான் நம் ஆட்கள் டெப்பட்டைக் கவனிப்பார்கள். ஆபத்து மறுபக்கம். வால்வு தன் இருக்கையில் மெல்ல மெல்லப் பதிந்து உள்ளே போகப் போக இடைவெளி குறையும், சத்தமும் குறையும். "எஞ்சின் எவ்வளவு அமைதியாக ஓடுகிறது பார்" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருப்போம். கடைசியில் வால்வு முழுதாக மூடாது. எரியாத பெற்றோல் அந்த இடுக்கால் நழுவும். ஐட்லிங்கில்தான் இது அதிகம் தெரியும், ஏனென்றால் மெதுவாக ஓடும்போது நழுவுவதற்கு நேரம் அதிகம்.

ஈயம் கலந்த பெற்றோலை 2002இல் நிறுத்தியதைப் பழைய ஆட்கள் இன்றும் திட்டுவார்கள். ஈயம் வால்வு இருக்கையில் ஒரு மெத்தை மாதிரிப் படிந்து தேய்மானத்தைக் குறைத்தது உண்மை. அதற்காக ஈயத்தைப் பிள்ளைகளின் இரத்தத்தில் ஏற்ற முடியுமா? ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒன்று வாங்கி, ஒவ்வொரு தடவை ஒயில் மாற்றும்போதும் ஒரு மணி நேரம் செலவழித்தால் போதும்.

பெப்ரவரி 20, இரவு

ஒயில் என்று எழுதியதும்தான் ஞாபகம் வருகிறது. தம்பி, ஒயில் மாற்றினீர்களா? இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மட்டம் கூடிய காபரேட்டரோடு ஓடிய எஞ்சினில் பெற்றோல் சிலிண்டர் வழியே கீழே இறங்கி ஒயிலில் கலந்திருக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து மணந்து பாருங்கள். ஊற்றிய அளவைவிட ஒயில் கூடியிருந்தால் சந்தேகமே இல்லை. சூடானதும் அந்தப் பெற்றோல் ஆவியாகி பிரீதர் குழாய் வழியே திரும்பவும் எஞ்சினுக்குள்ளேயே போகும். நீங்கள் காபரேட்டரை எவ்வளவு மெலிய வைத்தாலும் பின்கதவால் பெற்றோல் வந்துகொண்டே இருக்கும். எஞ்சினுக்கும் கெடுதல், பெயரிங் தாங்காது.

பெப்ரவரி 22

மூன்றாவது சிலிண்டரின் எக்ஸோஸ்ட் வால்வில் 0.10கூட இல்லையாம்! ஒயிலும் பெற்றோல் மணம். பிளக் படத்திலும் மூன்றாவது மட்டும் ஈரமாக இருந்தது. நேற்று நான் அதைக் கவனித்துச் சொல்லவில்லை, மன்னிக்கவும்.

பெப்ரவரி 23

சரி, இப்போது திருகாணி. எல்லாம் முடிந்த பிறகுதான் அதற்கு முறை.

எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள், முற்றத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் போதாது. ஃபில்டர் பூட்டியே இருக்க வேண்டும். திருகாணியை மெதுவாக, விரல் நுனியால் உள்ளே விட்டு அடியில் தொட்டதும் நிறுத்துங்கள். இறுக்கினால் கூர் நசுங்கும், அதற்குப் பிறகு எந்தச் செட்டிங்கும் நிற்காது. அங்கிருந்து இரண்டு சுற்று வெளியே. ஐட்லிங் 700 சுற்றில் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எஞ்சின் அதிகபட்ச வேகமாக ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். வேகம் கூடியிருக்கும், த்ரொட்டில் திருகாணியால் மறுபடி 700க்குக் கொண்டுவாருங்கள். பிறகு மிக்ஸரை மெல்ல உள்ளே விடுங்கள். 30, 40 சுற்று குறையும் இடத்தில் விட்டுவிடுங்கள். இன்னும் உள்ளே விட்டால் சி.ஓ. அழகாக இறங்கும், ஆனால் எஞ்சின் மிஸ்ஸாகத் தொடங்கி எச்.சி. ஏறும். ஒன்றை அமுக்கினால் மற்றது கிளம்பும்.

திருகாணியை முழுதாக உள்ளே விட்டும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் த்ரொட்டில் தகடு அதிகம் திறந்திருக்கிறது, பெற்றோல் மேலே உள்ள அடுத்த துளைகளால் வருகிறது. அப்போது டைமிங்குக்குத் திரும்புங்கள். பின்தங்கிய டைமிங்கை ஈடுகட்ட யாரோ த்ரொட்டிலைத் திறந்து வைத்திருப்பார்கள்.

காபரேட்டர் அடியிலும் மனிஃபோல்ட் ஓரத்திலும் கிளீனரைப் பீய்ச்சிப் பாருங்கள். எஞ்சின் சுருதி மாறினால் அங்கே காற்றுக் களவு. எக்ஸோஸ்ட் சூட்டில் இதைச் செய்யும்போது கவனம், கையெட்டும் தூரத்தில் தண்ணீர் அல்ல, தீயணைப்பான் இருக்கட்டும்.

பெப்ரவரி 26

டெஸ்டுக்குப் போகும் நாள் பற்றி. காலை முதல் ஆளாகப் போங்கள். பகல் பதினொரு மணி வெயிலில் வரிசையில் நிற்பது இந்த எஞ்சினுக்கு ஆகாது. ஏ12இல் காபரேட்டரும் எக்ஸோஸ்டும் ஒரே பக்கம், ஒன்றுக்கு மேல் ஒன்று. ஓடிவந்து நிறுத்தியதும் கீழிருந்து சூடு ஏறிச் சட்டியில் பெற்றோல் கொதிக்கும், தானாகச் சொட்டும். திரும்ப ஸ்டார்ட் பண்ணியதும் சில நிமிடம் கலவை தடிப்பு. அந்தச் சில நிமிடத்தில்தான் குழாயை உள்ளே செருகுவார்கள். காபரேட்டருக்கு அடியில் தடித்த கறுப்பு இடைத்தட்டு இருக்கிறதா என்று பாருங்கள், சூட்டைத் தடுக்கத்தான் அது. மெல்லிய கேஸ்கெட் மட்டும் போட்டுப் பூட்டிய வண்டிகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வரிசையில் பொனட்டைத் திறந்து வையுங்கள். வெட்கப்படாதீர்கள். உங்கள் முறை வருவதற்குச் சற்று முன் ஒரு நிமிடம் 2500 அளவில் பிடித்து வையுங்கள், பிளக் சுத்தமாகும். கரண்ட் செலவைக் குறைக்க ஹெட்லைட், ரேடியோ எல்லாம் அணைத்திருக்கட்டும்.

பெப்ரவரி 28

தம்பி பாஸ். ஐட்லிங் சி.ஓ. 2.4, எச்.சி. 310. 2500இல் 1.6, 190. 40 வயது எஞ்சினுக்கு இது போதாதா?

கராஜ் பாஸ் சொன்னாராம்: "நான் அன்றைக்கே காபரேட்டர்தான் பிரச்சினை என்றேனே." ஒரு வகையில் அவர் சொன்னதும் சரிதான், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

பெற்றோலும் லீற்றருக்கு இரண்டு கிலோமீற்றர் கூட ஓடுகிறதாம். வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தி, 2025இல்தான் மறுபடி திறந்தார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இந்தப் பிக்கப்புகள் இன்னும் சில காலம் நம்மோடுதான்.

மார்ச் 8

என் முறை இன்று. விடிய எழும்பி, ஃபில்டர் பூட்டி, டெப்பட், பொயின்ட், மட்டம் எல்லாம் பார்த்து, வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றேன். பொனட் திறந்து வைத்தேன். ஒரு நிமிடம் 2500இல் பிடித்தேன்.

குழாயை உள்ளே செருகவே இல்லை. பரிசோதிக்கும் பையன் குனிந்து பார்த்து, "அங்கிள், சைலன்சர் ஓட்டை" என்றான். நானும் குனிந்தேன். முன்குழாய் இணையும் இடத்தில் என் சுண்டுவிரல் போகும் அளவுக்குத் துளை. எஞ்சின் சத்தம் இரண்டு மாதமாகக் கொஞ்சம் கம்பீரமாகத்தான் இருந்தது. நான் ட்யூனிங்கின் மகிமை என்று நினைத்திருந்தேன்.

கிராண்ட்பாஸ் பக்கம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் வெல்டிங் பாஸ் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 8, இரவு

மட்டக்குளித் தம்பி ஒரு ஆளைச் சொல்லியிருக்கிறார். கூடவே, "அண்ணா, சோக்கையும் ஒருக்கா பாருங்கோ" என்று எழுதியிருக்கிறார். பார்த்தேன். செங்குத்தாகத்தான் நிற்கிறது.